மனவடு

பெயர் தெரியாத நோய் வந்தால், உலகம் நோயை விட்டுவிட்டு நோயாளியைப் பழிக்கும். முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளுக்கிடையே கிடந்த வீரர் பலர், உடலில் காயம் ஏதுமின்றியே நடுங்கினர், பேச்சிழந்தனர். 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர் 'லான்செட்' இதழில் இதனைக் 'குண்டதிர்ச்சி' என்று குறித்தார். ஆயினும் அத்தகையோர் பலர் கோழைகள் என்றே இகழப்பட்டனர். போர்முனையை விட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006இல்தான் பிரிட்டன் மன்னிப்பு வழங்கிற்று. அவர்களுள் இந்நோய்க்கு ஆளானவர் எத்தனை பேரோ!

அப்பழியின் சிறு நிழலை நம் மரக்காணத்து உப்பளக் கரையிலும் நான் கண்டதுண்டு. என் சாச்சா அங்கே உப்பு வாணிபம் செய்தவர். 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை எழுந்த ஆழிப்பேரலை, விழுப்புரம் மாவட்டத்துக் கடலோரக் குப்பங்களையும் விட்டுவைக்கவில்லை. அன்று கரையோரம் நின்ற சாச்சா, ஒரு கீறலுமின்றித் தப்பினார். ஆனால் மாதங்கள் பல சென்ற பின்னும் இரவில் அலறி எழுந்தார். அளத்துப் பக்கம் போக மறுத்தார். பாத்திக்கு நீர் பாயும் ஓசை கேட்டாலும் பிள்ளைகளை வாரியெடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தார்.

சுற்றத்தார் ஆளுக்கொரு பெயர் சூட்டினர். 'பயந்தாங்கொள்ளி' என்றனர் சிலர். 'ஏதோ பிடித்திருக்கிறது' என்றனர் சிலர். 'ஸப்ரு இல்லாத மனிதர்' என்றார் ஒருவர். கடைசிச் சொல்லே அவரை மிகவும் வாட்டிற்று.

மருத்துவர்கள் இதற்கு இட்ட பெயர் 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு' என்பதாகும். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதனைச் சேர்த்தது. பெயர் நீண்டதுதான், ஆனால் 'பிந்தைய' என்னும் சொல்லிலே அதன் உயிர் இருக்கிறது. ஆபத்து நீங்கிவிட்டது, உள்ளமும் உடலும் அதனை இன்னும் அறியவில்லை. ஆகவேதான் பழைய காட்சி கனவிலும் நனவிலும் மீண்டும் வருகிறது. அதனை நினைவூட்டும் இடங்களை மனம் விலக்குகிறது. சிற்றொலிக்கும் உடல் பதறுகிறது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்வைக் குலைக்குமானால் அது நோய். மற்றபடி, இழந்தவர் அழுவதும் சில வாரங்கள் உறக்கமின்றித் தவிப்பதும் நோயல்ல. அவருள் பெரும்பாலோர் தாமே தேறிவிடுவர்.

போரின் கொடுமையை நேரில் கண்ட யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர், இதற்கு 'மனவடு' என்னும் சொல்லை ஆண்டனர். எத்துணைப் பொருத்தமான சொல்! வடு என்பது வெளியிலிருந்து வந்த காயத்தின் தழும்பு. பிறவிக் குறையன்று, குணக் குறையுமன்று.

புதுச்சேரியில் ஒரு மருத்துவர் இதனை விளக்கியபோது சாச்சா கேட்ட முதற் கேள்வி, "அப்போ என் ஈமானுல குறை இல்லைங்களா, டாக்டர்?" என்பதே. "காலில் முள் தைத்தால் ஈமானைச் சந்தேகிப்பீர்களா?" என்றார் அவர். அந்த மறுமொழியே பாதி மருந்தாயிற்று. அஞ்சிய நினைவைப் பாதுகாப்பான சூழலில் சிறிது சிறிதாகப் பேசவும், விலக்கிய இடத்தைத் துணையோடு மெல்ல நெருங்கவும் பழக்குவதே சிகிச்சையின் சாரம்; தேவையெனில் மாத்திரையும் உண்டு. 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் இக்கரையைத் தாக்கிய நாளில் அவர் மீண்டும் கலங்கினார். ஆனால் இம்முறை தமக்கு நேர்வது இன்னதென்று அறிந்திருந்தார்.

நம் இல்லங்களிலும் இத்தகையோர் இருக்கலாம். விபத்தில் பிழைத்தவர், தீயில் தப்பியவர், அடி பொறுத்த பெண் என எவராகவும் இருக்கலாம். துஆ செய்வோம், அதனோடு மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். 2022 முதல் இயங்கும் 'டெலி மானஸ்' என்னும் அரசு மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். "என்ன நடந்தது, சொல்" என்று துருவ வேண்டா. அவர் சொல்ல விரும்பும் நாளில் அருகிருந்து கேட்டால் போதும். ஸப்ரு என்பதை அவரிடம் கேட்குமுன், அதனை நாம் அவருக்குக் கொடுப்போமாக.