தோலுக்கு அடியில் ஒரு காந்தம்

மலேசியாவின் புலாவ் செபாங்கில் நான் சந்தித்த சிறுமிக்கு வலது காதின் பின்னால், தோலுக்கு அடியில் ஒரு காந்தம் இருக்கிறது. ஐந்து காசு நாணயத்தைவிடச் சிறிய வட்டம். டைட்டானியக் கூட்டுக்குள் அடைத்தது. வெளியே, முடிக்கு மேலே, அதற்கு ஜோடியாக இன்னொரு காந்தம். அதைத் தாங்கிய வட்டச் சுருள், பட்டை எதுவும் இல்லாமல் தலையில் ஒட்டி நிற்கிறது.

“இரும்பு கேட் பக்கம் போனா போதும் அண்ணே, டொக்குன்னு அதுல போய் ஒட்டிக்கும். பிள்ளை இங்க நிப்பா, காது அங்க தொங்கும்,” என்று சிரிக்கிறார் அம்மா. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம். இவர் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார்.

காக்லியர் இம்பிளாண்ட் என்றால் காதுக்குள் வைக்கும் ஸ்பீக்கர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஒலியைப் பெருக்குவதே இல்லை. வெளியே மாட்டிய கருவி சத்தத்தை மின்குறிப்பாக மாற்றி, சுருள் வழியாக ரேடியோ அலையில் தோலைத் தாண்டி அனுப்புகிறது. உள்ளே இருக்கும் சுருள் அதை வாங்கி, உட்செவியின் நத்தைக்கூட்டுக்குள் செருகிய மின்முனைகளுக்குக் கொடுக்கிறது. நரம்பை நேராகத் தூண்டுவது அந்த மின்முனைகள்தான். உள்ளே பேட்டரி கிடையாது. மின்சாரமும் அதே அலையில்தான் வருகிறது. இரண்டு சுருள்களும் நேருக்கு நேர் நின்றால்தான் இத்தனையும் நடக்கும். நிறுத்தி வைப்பது காந்தத்தின் வேலை.

ஏன் டைட்டானியம்? வலுவான காந்தங்களில் நியோடைமியத்தோடு இரும்பும் இருக்கிறது. உடலின் உப்புநீர் பட்டால் அரித்துவிடும். டைட்டானியம் அரிக்காது, உடலும் அதை ஒதுக்குவதில்லை, காந்தப்புலத்தையும் மறிக்காது. ஆனால் ரேடியோ அலை உலோகத்தைத் தாண்டாது. அதனால் காந்தமும் மின்சுற்றும் டைட்டானியத்துக்குள், சுருள் மட்டும் மெல்லிய சிலிக்கோனுக்குள்.

மேல்நாடுகளில் ஆர்வத்துக்காக விரல்நுனியில் காந்தம் பதித்துக்கொள்பவர்கள் இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுக் கற்றார்கள். ஆரம்பத்தில் சிலிக்கோன் பூச்சோடு வைத்தார்கள். பூச்சு கிழிந்து காந்தம் துருப்பிடித்ததும் விரலைக் கீறி எடுக்க வேண்டியதாயிற்று. அழகுக்காக முகத்தில் ‘சூசோக்’ ஊசி ஏற்றும் மலாய் மந்திரவாதிகள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். தங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பல் மருத்துவரின் எக்ஸ்ரேயில் அது வெள்ளைக் கோடாகத் தெரியும்வரை யாருக்கும் சந்தேகம் வராது.

1978இல் மெல்பர்னில் கிரேம் கிளார்க் பல மின்முனை கொண்ட காக்லியர் கருவியை முதல் நோயாளிக்குப் பொருத்தினார். இன்று சிட்னியில் காக்லியர், இன்ஸ்ப்ரூக்கில் மெட்-எல் போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. லேசரால் டைட்டானியக் கூட்டை மூடுவது இயந்திரம். முடியை ஒத்த பிளாட்டினக் கம்பிகளை மின்முனைகளோடு இணைக்க இன்றும் நுண்ணோக்கிக்குக் கீழே மனிதக் கை வேண்டியிருக்கிறது. வெளியே மாட்டும் கருவிகளைச் செய்யும் காக்லியர் தொழிற்சாலை ஒன்று கோலாலம்பூரிலேயே உண்டு.

மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் இந்தச் சிகிச்சையை 1995இல் தொடங்கியது. அறுவை முடிந்து சில வாரம் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். அன்றிலிருந்து பொறுப்பு ஆடியோலஜிஸ்ட் எனும் செவித்திறன் நிபுணரின் கையில். ஒவ்வொரு மின்முனைக்கும் பிள்ளை உணரும் குறைந்த அளவு எது, தாங்கும் அதிக அளவு எது என்று பார்த்துக் கணினியில் பதிகிறார். பேசத் தெரியாத பிள்ளை ‘போதும்’ என்று சொல்லாது. கண் இமைப்பது, பொம்மையை விட்டுவிட்டு நிமிர்வது, உதடு பிதுங்குவது, இவைதான் பதில். நான் கவனித்த ஆடியோலஜிஸ்ட் திரையைவிட முகத்தைத்தான் அதிகம் பார்த்தார்.

வெளிக்காந்தத்தைத் தேர்வதும் அவர் வேலையே. வலு குறைந்தால் ஓடும்போது விழும். கூடினால் தோல் சிவந்து புண்ணாகும். முடியின் அடர்த்தியும் கணக்கில் சேரும். புலாவ் செபாங்கிலிருந்து கொமூட்டர் ரயில் நேரே பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகிறது. அங்கே பிள்ளைக்கு மொட்டை போட்டால் மறுநாளே காந்தத்தின் பிடி இறுகிவிடும், இலேசானதை மாற்ற வேண்டும்.

மீதி வேலை வீட்டில். தினமும் காலையில் அம்மா வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்று சொல்கிறார். டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிச் சோதனை இது. கேட்டால் மகள் ஒரு பொத்தானை டப்பாவில் போடுகிறாள். நான் போயிருந்த அன்று ‘ஸ்’ இரண்டு முறை காதில் விழவில்லை. அம்மா கருவியைக் கழற்றி, மைக் மூடியைத் துடைத்து மறுபடி மாட்டினார், பொத்தான் விழுந்தது. வியர்வையும் மழையும் கருவிக்கு எமன் என்பதால் இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைக்கிறார்.

பயிற்சித் தாள்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் கிடைத்தன. தமிழுக்கு அவரே பட்டியல் எழுதிக்கொண்டார்: கல், கால், பல், பால், படு, பட்டு. குறிலும் நெடிலும் மகளுக்குச் சீக்கிரம் பிடிபட்டன. ஒலியின் நீளத்தை இந்தக் கருவி நன்றாகவே காட்டும். லகர ளகர ழகரம்தான் இழுக்கிறது. அது நன்றாகக் காது கேட்கும் நம்மில் பலருக்கும் இழுக்கிறதே!

“இவ அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்னு மாமியார் சொன்னாங்க. அதுல ஒரு வருஷம் போயிடுச்சு,” என்றார் அம்மா. போகக் கூடாத வருடம் அது. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்றுக்குள் உறுதி, ஆறுக்குள் உதவி என்பதே உலகெங்கும் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இந்த அறுவைச் செலவை ஏற்கிறது. மலேசியாவில் இந்தச் சிறுமிக்கும் அறுவை அரசு உதவியில்தான் நடந்தது. சிக்கல் அதற்குப் பிறகு. உள்ளே இருப்பது பல பத்தாண்டுகள் உழைக்கும். வெளிக்கருவி சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும், புதியது பல்லாயிரம் ரிங்கிட். ரவிக்கைக் கூலியில் அதைச் சேர்க்க முடியாது. திருவிழாவுக்கு வீடு வீடாக நிதி திரட்டும் நம் கோயில் நிர்வாகங்களும் சங்கங்களும், தங்கள் வட்டாரத்தில் இப்படிப்பட்ட பிள்ளை இருந்தால், பேட்டரிக்கும் மாற்றுக் கருவிக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும்.