கோவிந்தா... கோபாலா... 110 கிலோமீட்டர்!

மாரத்தான்னா 42.195 கிலோமீட்டர். என்ட்ரி ஃபீஸ் கட்டணும், நெஞ்சுல நம்பர் குத்தணும், முடிச்சா கழுத்துல மெடல். தென்னாப்பிரிக்காவுல 1921-லேருந்து 'காம்ரேட்ஸ்'னு ஒரு ஓட்டம் நடக்குது. சுமார் 90 கிலோமீட்டர். கேட்டதும் 'அடேங்கப்பா'ன்னு வாயைப் பொளப்போம்ல?

இப்ப நம்ம ஊருக்கு வாங்க பாஸ். கன்னியாகுமரி மாவட்டத்துல வருஷா வருஷம் மாசி மாசம், மகா சிவராத்திரியை ஒட்டி ஒரு ஓட்டம். தூரம் சுமார் 110 கிலோமீட்டர். ஃபீஸ் கிடையாது, நம்பர் கிடையாது, மெடல் கிடையாது. முக்கியமா... ஷூவும் கிடையாது! காவி வேட்டி, கையில ஒரு பனையோலை விசிறி, வெறுங்கால். ஆறு, குளம், ரப்பர் தோட்டம், மலையடிவாரம், கோட்டைன்னு ஒரு ராத்திரி ஒரு பகல் பூரா சுத்தி, பன்னிரண்டு சிவன் கோயிலைத் தொட்டுட்டு வரணும். பேரு சிவாலய ஓட்டம். 2025 பிப்ரவரி 25 சாயங்காலம் ஆரம்பிச்சு நானும் ஓடிட்டு வந்தேன். 'ஓடி'ங்கிறதைக் கொஞ்சம் தாராளமா எடுத்துக்கோங்க. முதல் இருபது கிலோமீட்டருக்கு அப்புறம் முக்கால்வாசிப் பேருக்கு அது வேக நடைதான்.

ரூட் இதான்: முஞ்சிறை திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியா திருநட்டாலம். எல்லாமே பழைய விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள். 'நாஞ்சில் நாட்டு ஓட்டம்'னு நான் சொன்னதுக்கு எங்க கோஷ்டியில ஒருத்தர் உடனே மறுத்தார். தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான் அசல் நாஞ்சில் நாடாம், இது வேற மண்ணாம். பேச்சுலயே தெரியுது. தண்ணிக்கு இங்க பேரு 'வெள்ளம்'.

ஓட்டத்துக்கு ஒரு செம கதை உண்டு. பாண்டவர்கள் யாகத்துக்காக புருஷாமிருகத்துகிட்ட பால் வாங்கி வரச் சொல்லி பீமனை அனுப்புறார் கிருஷ்ணர். புருஷாமிருகம்னா பாதி மனுஷன், பாதி மிருகம். தீவிர சிவபக்தர். 'கோவிந்தா'ன்னு காதுல விழுந்தாலே கொலைவெறி வந்துடும். கிருஷ்ணர் பன்னிரண்டு ருத்ராட்சத்தைக் கையில கொடுத்து, 'மாட்டிக்கிட்டா ஒண்ணைக் கீழே போட்டுடு'ங்கிறார். பீமன் 'கோவிந்தா, கோபாலா'ன்னு கத்த, அது துரத்த, இவர் ருத்ராட்சத்தைப் போட, அது லிங்கமா மாற, புருஷாமிருகம் பூஜைக்கு உட்கார்ந்துடும். கேப்புல பீமன் எஸ்கேப்! இப்படிப் பன்னிரண்டு இடம். கடைசி இடமான நட்டாலத்துல சிவனும் விஷ்ணுவும் ஒரே உருவமா சங்கரநாராயணராக் காட்சி கொடுத்து சண்டையை முடிச்சு வெச்சாங்களாம். அதனாலதான் சிவன் கோயிலுக்கு ஓடுறவங்க வாயில 'கோவிந்தா, கோபாலா'. ஓடுறவங்களுக்குப் பேரே 'கோவிந்தன்'கள்தான்.

கதையை விட்டுட்டு மேப்பைப் பாருங்க. அங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேர்ற தேங்காப்பட்டணத்துக்குப் பக்கத்துலதான் முதல் கோயில், முஞ்சிறையில ஒரு குன்றின் மேல. ரெண்டாவது கோயில் திக்குறிச்சி, அதே ஆத்தங்கரை. அப்புறம் ஆத்தைப் பிடிச்சுக்கிட்டே மேல ஏறின மாதிரி, கோதையாறு பாறையில விழுற திற்பரப்பு. அங்கேருந்து மேற்குத் தொடர்ச்சி மலையோட அடிவாரத்தை உரசிக்கிட்டே பொன்மனை. பக்கத்துல பரளியாற்றின் குறுக்கே பெருஞ்சாணி அணை. கோதையாறும் பரளியாறும் திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்துல ஒண்ணாச் சேர்ந்துதான் தாமிரபரணி ஆகுது. ஆக, ஓட்டத்தோட முதல் பாதி அப்படியே ஒரு நதியோட கதை, கடல்லேருந்து மலைக்கு ரிவர்ஸ்ல! ஜியாகரபி வாத்தியார் போர்டுல வரைஞ்சதை இங்க முட்டிவலி மூலமாப் புரிஞ்சுக்கலாம்.

ஒவ்வொரு கோயிலிலும் ஒரு ரூல். போனதும் குளத்துலயோ ஆத்துலயோ முங்கணும். ஈர வேட்டியோட சாமி கும்பிடணும். அதே ஈரத்தோட அடுத்த கோயிலுக்கு ஓடணும். மெக்கானிக்கல் பசங்க கவனிக்க: இதுதான் சாட்சாத் எவாபரேட்டிவ் கூலிங். ஈரத்துணி, எதிர்க்காத்து, உடம்புச் சூடு ஆவியாப் போகுது. ஐஸ் பாத் எடுக்குற ஒலிம்பிக் வீரர்களுக்கு நம்மாளுங்க எந்த விதத்துல குறைச்சல்? ஆனா விசிறி மட்டும் நமக்கில்லை. ஓடி வந்து மூச்சு வாங்குறப்ப, அதை வெச்சு சாமிக்குத்தான் விசிறணும்!

ராத்திரி ஓட்டத்தைப் பத்திக் கொஞ்சம் விலாவாரியாச் சொல்லணும். சிவராத்திரிங்கிறது அமாவாசைக்கு முந்தின தேய்பிறைச் சதுர்த்தசி. அதனால முதல் நாள் ராத்திரியும் நிலாவே கிடையாது. திற்பரப்பு தாண்டினா ரெண்டு பக்கமும் ரப்பர் மரம், கும்மிருட்டு. மாசியில ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடுற நேரம். ரோட்டோரம் பூரா சருகு. முன்னாடி போறவங்க ஆளு தெரியாது. சருகு மிதிபடுற சத்தமும் 'கோவிந்தா'வும் மட்டும் கேட்கும். பின்னாலேருந்து 'கோபாலா'ன்னு பதில் வரும். அதை வெச்சுத்தான் ஆள் இருக்கு, வழி சரின்னு ஓடுறோம். ஜி.பி.எஸ். எல்லாம் அப்புறம் பாஸ்!

என்கூட ஓடி வந்தவர் ரப்பர் பால் வெட்டுற ஒரு அண்ணாச்சி. வயசு அறுபதுக்குப் பக்கம். இலை உதிர்ற சமயம், பால் வெட்டுக்கு ஓய்வுங்கிறதால வந்துட்டார். 'லேய் மக்கா, முன்னங்காலைப் பதிச்சு ஓடணும். குதிகாலைக் குத்தாதே'ன்னார். வெறுங்கால் ஓட்டத்தைப் பத்தி ஆராய்ச்சி செய்யறவங்க பேசுறதும் இதைத்தான். வழியில வீட்டு வாசல்ல எல்லாம் அண்டா அண்டாவா சுக்குத் தண்ணி, பானகம், மோர், கஞ்சி. ஒரு பாட்டி கையைப் பிடிச்சு நிறுத்தி, 'மக்களே, இத்திரி வெள்ளம் குடிச்சிட்டுப் போ'ன்னு டம்ளரை நீட்டினாங்க. மணி அப்ப ராத்திரி ரெண்டு! உலகத்துல எந்த மாரத்தான்ல இப்படி ஒரு வாட்டர் ஸ்டேஷன் இருக்கும்?

திருநந்திக்கரையில கோயிலுக்குப் பக்கத்துலயே பாறையைக் குடைஞ்ச ஒரு பழைய குகைக் கோயில். முதல்ல சமணர் பள்ளியா இருந்து பிறகு சிவன் கோயிலா மாறினதுங்கிறாங்க. உள்ளே கல்வெட்டுகள், சுவரில் அழிஞ்சது போக மிச்சம் இருக்கிற ஓவியத் தடங்கள். ராத்திரி ஓட்டத்துல இதையெல்லாம் நின்னு பார்க்க முடியாது. தனியா ஒரு நாள் வாங்க. விடியக்காலையில கிழக்கே மலைக்கு மேல கீத்து மாதிரி நிலா எட்டிப் பார்த்தது. அது வந்த கொஞ்ச நேரத்துல விடிஞ்சிடுச்சு.

விடிஞ்சதும்தான் வேற ஒரு பிரச்னை கண்ணுல பட்டது. கல் ஏத்தின பெரிய டாரஸ் லாரி ஒண்ணு எதிர்ல வர, கோஷ்டி மொத்தமும் ஓடைக்குள்ள இறங்கி நின்னோம். மாவட்டத்துல மலையை உடைச்சு கேரளத்துக்கு லாரியில கொண்டுபோற விவகாரம் ரொம்ப நாளாவே பெரிய பேச்சு. அந்தப் பேச்சை நியூஸ்ல கேட்கிறதும், ரெண்டு ஆள் அகல ரோட்டுல வெறுங்காலோட லாரிக்கு எதிர்ல நிக்கிறதும் வேற வேற. உடைஞ்ச மலையின் வெள்ளை வெட்டு, பக்கத்துல முழுசா நிக்கிற பச்சை மலை, ரெண்டையும் ஒரே பார்வையில பார்த்தேன். நாம ஓடுறதே அந்த மலையடிவாரத்தை நம்பித்தானே? குறைஞ்சபட்சம் அந்த ஒரு ராத்திரி ஒரு பகலாவது இந்த ரூட்டுல கல் லாரி வரக்கூடாதுன்னு சொன்னா அதிகப்படியா?

லாரியை மட்டும் திட்டினா நியாயமில்லை. நம்ம வயசுப் பசங்க பைக்ல மூணு மூணு பேரா, சைலன்ஸரைக் கழட்டிவிட்டு, பன்னிரண்டு கோயிலையும் அரை நாள்ல 'கவர்' பண்றாங்க. வயசானவங்க, உடம்பு முடியாதவங்க வேன்ல வர்றது சரி. ஆனா இருபது வயசுல என்ன மச்சி அவசரம்? இருட்டுல 'கோபாலா'ங்கிற குரலை நம்பி ஓடுறவன் காதுக்குள்ள உன் சைலன்ஸர் சத்தம்தான் கேக்குது. பைக் கூட்டம் பெருகப் பெருக, ஓடுறவங்க ரோட்டோரத்துக்கு ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில ஓட்டமே இல்லாத சிவாலய 'ட்ரிப்'பா ஆயிடும்னு அண்ணாச்சிக்கு ஒரு பயம். எனக்கும்தான்.

மதியம் தார் ரோடு தோசைக்கல். பன்னிப்பாகம் குளத்துல இறங்கினதும் ஏறவே மனசில்லை. அப்புறம் கல்குளம் நீலகண்டசுவாமி கோயில், பத்மநாபபுரம் கோட்டைக்குள்ள. பக்கத்துல திருவிதாங்கூர் ராஜாக்களோட மர அரண்மனை. இருக்கிறது தமிழ்நாட்டுல, பராமரிக்கிறது கேரள அரசு. மேலாங்கோடு வேளிமலை ஓரம். அந்தப் பக்கம் உதயகிரிக் கோட்டைக்குள்ளதான் 1741 குளச்சல் போர்ல பிடிபட்டு, அதே மார்த்தாண்ட வர்மாவோட படைக்கு ட்ரெயினிங் கொடுத்த டச்சுக்காரர் டிலனாய் கல்லறை இருக்கு. திருவிதாங்கோடுங்கிற ஊர்ப்பேர்தான் திருவிதாங்கூர்ங்கிற ராஜ்யத்துக்கே பேராச்சு. இப்படி ஹிஸ்டரியா கொட்டிக் கிடக்கு. ஆனா நிஜத்தைச் சொல்லணும்னா, அந்த நேரத்துல எனக்குக் கண்ணுல தெரிஞ்சது அடுத்த மோர்ப்பந்தல் மட்டும்தான்!

நட்டாலத்துக்கு வந்தப்போ ராத்திரி. ஒரு குளம், அதன் ரெண்டு பக்கமும் கோயில்கள், ஒண்ணு மகாதேவர், இன்னொண்ணு சங்கரநாராயணர். யாரும் யாரையும் 'எத்தனை மணி நேரம்?'னு கேக்கலை. முதல்ல வந்தது யாருன்னும் தெரியாது. படிக்கட்டுல விசிறியைத் தலைக்கு வெச்சுப் படுத்தவர், சிவராத்திரிக்குக் கண் முழிக்கணும்னு சட்டுனு எழுந்து உட்கார்ந்தார்.

110-ஐக் கேட்டு மயக்கம் வந்தவங்க, வேற நாள்ல திற்பரப்புலேருந்து குலசேகரம் வழியா திருநந்திக்கரை, பொன்மனைன்னு காலையில ஆறு மணிக்குள்ள ஓடிப் பாருங்க. ரூட்டோட அழகே இந்தத் துண்டுதான். திரும்புறப்ப மாத்தூர் தொட்டிப்பாலத்துல ஏறிடுங்க. காமராஜர் காலத்துத் திட்டம். கீழே பரளியாறு, 115 அடிக்கு மேல தொட்டியில பாசனத் தண்ணி. சிவில் பசங்களுக்குக் கண்ணு கலங்கும். முழு ஓட்டம்தான் வேணும்னா அடுத்த மாசி வரை டைம் இருக்கு. இன்னிக்கே வெறுங்காலோட கிரவுண்டுல ரெண்டு ரவுண்டு ஆரம்பிங்க. மூட்டை முடிச்செல்லாம் வேண்டாம். ஒரு துண்டு, ஒரு மாத்து வேட்டி போதும். விசிறி மறக்காதீங்க. நட்டாலத்துலேருந்து மார்த்தாண்டம் பக்கம்தான், அங்கேருந்து எல்லா ஊருக்கும் பஸ் உண்டு. ஆனா மறுநாள் மூணாவது மாடியில கிளாஸ் இருந்தா, இப்பவே லீவ் லெட்டர் எழுதி வெச்சுடுங்க.