திருமலைக்கு ஒரு வான்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போவது இன்றைக்குப் பெரிய காரியம் அல்ல. வீதி இருக்கிறது, பாலங்கள் இருக்கின்றன, பஸ்ஸும் ஓடுகிறது. ஆனால் எனது அம்மாவுக்கு அது பெரிய காரியமாகவே இருந்தது. 2021ஆம் ஆண்டு கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். அதன் பிறகு அவவால் பஸ் படியில் ஏற முடியாது. ஏற்றி விட்டாலும் நான்கு மணித்தியாலம் குலுக்கலில் இருக்க முடியாது. புகையிரதத்தில் என்றால் கல்லோயாச் சந்தி வரை உள்நாட்டுப் பக்கமாகப் போய், அங்கே இறங்கித் திருமலை வண்டிக்கு மாற வேண்டும். ஊன்றுதடியோடு அம்மாவை ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றுவதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும்.

திருமலையில் சின்னம்மா படுத்த படுக்கையாகிவிட்டா. அம்மாவுக்கு உடன்பிறப்பு என்று மிஞ்சியிருந்தது அவ ஒருத்திதான். "ஒருக்காக் கண்ணால பாத்திட்டனெண்டா போதும் புள்ள" என்று அம்மா ஒவ்வொரு நாளும் சொல்லத் தொடங்கினா. வாகனம் பிடித்துத்தான் போக வேண்டும் என்று முடிவாயிற்று.

எங்கள் வீடுகளில் வாகனம் பிடிப்பது ஆண்களின் வேலை. கலியாணத்துக்கோ செத்தவீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ, யாராவது ஓர் ஆண் போய்க் கதைத்து வாகனத்தை வாசலில் கொண்டு வந்து நிறுத்துவார். நாங்கள் ஏறி உட்காருவோம். என்ன விலை, என்ன பேச்சு என்று எங்களுக்குத் தெரியாது. எனது கணவர் 2007 ஜனவரியில் காணாமற் போனவர். அதற்குப் பின்னர் எனக்காகக் கதைத்தவர் தங்கச்சியின் மனுசன்.

2023ஆம் ஆண்டு மாசி மாதமும் அவர்தான் கதைத்தார். தெரிந்த ஒருவரின் வான், நல்ல மனுசன், முற்பணம் மட்டும் 5,000 ரூபா கொடுத்தால் போதும் என்றார். கொடுத்தேன். விடிய ஐந்து மணிக்கு வான் வரும் என்று அம்மா மூன்று மணிக்கே எழும்பிக் குளித்து, நல்ல சேலை உடுத்து, விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டா. ஐந்து போயிற்று, ஆறு போயிற்று. கைத்தொலைபேசி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஒன்பது மணிக்கு அம்மா தானாக எழும்பி உள்ளே போய்ச் சேலையை மாற்றினா. பிறகு கேட்டால் டீசல் கிடைக்கவில்லையாம். அது கியூ.ஆர். அட்டைக்கு எரிபொருளை அளந்து கொடுத்த காலம், எனவே உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் முற்பணம் திரும்பி வரவில்லை. தங்கச்சியின் மனுசனிடம் நான் இரண்டாம் முறை கேட்கவுமில்லை. உறவுக்குள் 5,000 ரூபாவுக்குச் சண்டை பிடிப்பதா?

அந்த எரிபொருள் முறை 2023 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டது. எனக்கும் ஐப்பசியில் சீட்டு விழுந்தது, 50,000 ரூபா. இந்த முறை நானே கதைப்பது என்று வான் தரிப்பிடத்துக்குப் போனேன்.

முதலாவது ஆள் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "வீட்டு ஆம்பிளையள வரச் சொல்லுங்க அக்கா" என்றார். "ஆம்பிளையள் இல்ல" என்றேன். அவர் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டாவது ஆள் ஒரே பேச்சில் 32,000 என்றார். கதிரவெளியில் ஒரு மணித்தியாலம் நிற்க வேண்டும் என்று நான் சொன்னதும், "அங்க என்ன இருக்கு? நிண்டு நிண்டு போறதெண்டா எனக்குச் சரிவராது" என்றார்.

கதிரவெளியில் என்ன இருக்கிறது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர் மூதூர் கிழக்கில். 2006இல் அங்கிருந்து வெளிக்கிட்டு, ஈச்சிலம்பற்று, வெருகல் என்று நகர்ந்து நகர்ந்து கதிரவெளிக்கு வந்தோம். கொஞ்சத் தூரம் உழவு இயந்திரப் பெட்டியில், மிச்சம் நடை. அப்பாவுக்குத் தொய்வு. மருந்து முடிந்து போயிற்று. புரட்டாதி மாதம் ஒரு நாள் விடியற்புறம் அவர் போய்ச் சேர்ந்தார். கடற்கரைப் பக்கமாக ஒரு பனை வடலிக்குக் கிட்ட அடக்கம் செய்தோம். கிரியை ஒன்றும் இல்லை. அந்த நவம்பர் 8ஆம் திகதிதான் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சம் இருந்த சனங்களின் மேல் எறிகணைகள் விழுந்தன. டிசம்பரில் காட்டு வழியால் நடந்து வாழைச்சேனைப் பக்கம் வந்தோம். அங்கிருந்து லொறியில் ஏற்றி முகாமில் இறக்கினார்கள். எங்கே போகிறோம் என்று கேட்டவர்களுக்கு ஏறுங்கள் என்பதுதான் பதில்.

போர் முடிந்த பின்னர் அந்த வீதியால் அம்மா இரண்டு முறை பஸ்ஸில் போயிருக்கிறா. கதிரவெளி வரும்போது எழும்பி நின்று, முன் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு யன்னலால் பார்ப்பா. இறங்கினால் அடுத்த பஸ் எப்போது வருமோ தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெருகல் வந்துவிடும்.

மூன்றாவதாக நான் கதைத்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி. வான் சொந்த வான், ஓட்டுவதும் அவரே. அவர் கைத்தொலைபேசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். கரையோர வீதியால் ஒரு வழி 130 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. நாங்கள் திருமலையில் நின்றுவிடுவதால் அவர் வெறும் வானோடு திரும்பி வர வேண்டும், ஆகவே போக வர 270 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 100 ரூபா, மொத்தம் 27,000. ஒரு வழிப் பயணத்துக்கும் இரண்டு வழிக் காசு கேட்கிறார்களே என்று நான் முன்பெல்லாம் கோபப்பட்டதுண்டு. கணக்கைப் பார்த்த பிறகு அதில் நியாயம் தெரிந்தது. டீசல் வெறும் வானுக்கும் எரியத்தானே செய்யும்.

நான் எழுதிக்கொண்டு போன கொப்பியை விரித்தேன். காத்திருப்புக்குக் காசு எப்படி? இரண்டு மணித்தியாலம் வரை இல்லை, அதற்கு மேல் மணித்தியாலத்துக்கு 300. ஏசி போட்டால்? அதே விலைதான். சாப்பாடு? காலைச் சாப்பாடு உங்கள் பாடு. இந்த வானுக்கு ஹயருக்கு ஓடுகிற இன்சூரன்ஸா, பிரைவேட் இன்சூரன்ஸா? தம்பி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து பத்திரத்தை எடுத்துக் காட்டினார். முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த வருமான உத்தரவுப் பத்திரத்தின் திகதியையும் பார்த்தேன். "இதையெல்லாம் இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல்ல அக்கா" என்றார். எனக்கும் ஒன்றும் தெரியாது. சொந்தப் பாவனைக்கு என்று இன்சூரன்ஸ் எடுத்த வாகனத்தை ஹயருக்கு விட்டு விபத்து நடந்தால் நட்டஈடு கிடைப்பது கஷ்டம் என்று தையல் வகுப்பில் ஒரு பிள்ளை சொல்லித் தந்தது. அவளின் அண்ணனுக்கு அப்படி நடந்ததாம்.

25,000 ரூபாவுக்கு இணங்கினார். கதிரவெளியில் ஒரு மணித்தியாலம் என்பதையும் கொப்பியில் எழுதிக் காட்டினேன். முற்பணம் 2,000 கொடுத்து, அதையும் எழுதி, அவரின் கையெழுத்தை வாங்கினேன். அவர் சிரித்துக்கொண்டுதான் போட்டார்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. வானின் படி உயரம். அடுத்த நாள் தம்பி அந்தப் பக்கம் ஒரு ஹயர் வந்த இடத்தில் வீட்டுக்கும் வந்தார். அம்மாவை ஏற்றிப் பார்த்தோம், காலைத் தூக்க முடியவில்லை. கார் என்றால் இருக்கை பதிவு. இடுப்பில் தகடு வைத்தவர்கள் அவ்வளவு பதிவாக உட்காரக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கடைசியில் குசினியில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டு வந்து படிக்குக் கீழே வைத்தோம். சரியாக இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா, "தனியப் பொம்பிளையள் ரெண்டு பேர், தெரியாத றைவர், பயமில்லியா?" என்று கேட்டா. பயம் இல்லாமல் இல்லை. வான் இலக்கத்தையும் தம்பியின் பெயரையும் சின்னம்மாவின் மகனுக்கு முதல்நாளே அனுப்பினேன். ஏறிய உடனே அவனுக்குத் தம்பியின் காதில் விழும்படியாகப் போன் எடுத்து, எத்தனை மணிக்கு எங்கே நிற்போம் என்று சொன்னேன். பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, அம்பியூலன்ஸ் 1990, மூன்றையும் கொப்பி மட்டையில் எழுதி வைத்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. எழுதி வைத்ததால் அம்மாவோடு பின் ஆசனத்தில் நிம்மதியாக உட்கார முடிந்தது.

ஐந்தரைக்கு வெளிக்கிட்டோம். ஓட்டமாவடியில் தேத்தண்ணி குடித்தோம். அதைத் தாண்டித் திருமலை வீதியில் வலப்பக்கம் திரும்பியதும் அம்மாவின் பேச்சு நின்றுவிட்டது. பனிச்சங்கேணிப் பாலத்தில் களப்புத் தண்ணீர் இரண்டு பக்கமும் வெயிலில் மின்னியது. வாகரை தாண்டும்போது அம்மா எனது கையைப் பிடித்தா.

கதிரவெளியில் இடம் பிடிபடவில்லை. வடலியைத் தேடினோம். பதினேழு வருடத்தில் அது வடலியாகவா இருக்கும்? உயர்ந்த பனைகள் பல நின்றன, புது வேலிகள், ஒரு மீன் வாடி. நான் ஓர் இடத்தைக் காட்டினேன். அம்மா இல்லை என்றா. தான் ஓர் இடத்தைக் காட்டி, பிறகு அதுவும் இல்லை என்றா. அங்கே வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு வயதானவரிடம் கேட்டோம். "இந்தக் கரை முழுக்க அப்பிடித்தான் தாயி" என்றார். தம்பி வானை நிறுத்திவிட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்திருந்தார். மணலில் அதை வைத்து அம்மாவை உட்கார்த்தினார். அம்மா கொண்டு வந்த போத்தல் தண்ணீரை முன்னாலிருந்த மணலில் ஊற்றி, சீலைத் தலைப்பில் முடிந்து வந்த கற்பூரத்தைக் கொளுத்தச் சொன்னா. கடற்காற்றில் நெருப்புப் பற்றவில்லை. தம்பி இரண்டு கையாலும் காற்றை மறைத்துப் பிடித்தார்.

ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேலே ஆகிவிட்டது. நான் நேரத்தைப் பார்த்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். "அதக் கணக்குப் பாக்காதீங்க அக்கா" என்றார்.

வெருகலில் சித்திரவேலாயுதர் கோயிலைப் பார்த்து வானுக்குள்ளிருந்தே கும்பிட்டோம். மூதூர்ப் பக்கம் தாண்டிக் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போதுதான் அம்மாவுக்குக் குரல் வந்தது. "பாதை எங்க?" என்றா. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கிற பாதை முன்பு அந்த இடத்தில் ஓடியது. கலியாணம் முடித்த புதிதில் அப்பாவோடு அதில் போய்த் திருமலையில் படம் பார்த்த கதையை அம்மா தம்பிக்குச் சொன்னா. பாலம் 396 மீற்றர், 2009இல் திறந்தது என்று தம்பி சொன்னார். அம்மாவுக்கு அதில் அக்கறை இல்லை. பாதை பிந்தினால் பசிக்கும் என்று அப்பா அவித்த கச்சான் வாங்கித் தருவார் என்றா.

சின்னம்மா அம்மாவை அடையாளம் கண்டா. "ஆரு கூட்டி வந்த?" என்று கேட்டா. "நாங்க வான் பிடிச்சு வந்த" என்று அம்மா சொன்னா, ஏதோ தானே தரிப்பிடத்துக்குப் போய் விலை பேசியவ மாதிரி. நான்கு நாட்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்து மெதுவாக ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த அறைக்குள் அதிகம் போகவில்லை.

திரும்பி வருவதற்குச் சின்னம்மாவின் மகன் ஒரு வழி சொன்னான். மட்டக்களப்பில் ஆட்களை ஏற்றி வருவதற்காகத் திருமலையிலிருந்து வெறுமையாகப் போகிற வான்கள் உண்டு. அப்படி ஒன்றில் இடம் கிடைத்தால் பாதி விலைதான். 12,000 ரூபாவுக்குக் கிடைத்தது. ஆனால் அதற்காக ஒரு நாள் கூடுதலாக நிற்க வேண்டியிருந்தது. அந்த வான்காரருக்கு மட்டக்களப்பில் நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். கதிரவெளியில் வேகத்தைக் கூடக் குறைக்கவில்லை. காசு குறைவு, உண்மை. ஆனால் அது எங்கள் ஹயர் அல்ல, வேறு யாருடையதோ ஹயரில் நாங்கள் ஏறி வந்தோம்.

எல்லாமாக 37,000 ரூபா. அந்தக் காசுக்கு நல்ல தையல் மெசின் ஒன்று வாங்கியிருக்கலாம் என்று தங்கச்சியின் மனுசன் சொன்னார். வாங்கியிருக்கலாம்தான். சின்னம்மா தை மாதம் காலமானா. செத்தவீட்டுக்கு நான் பஸ்ஸில் தனியாகப் போய் வந்தேன். அம்மா வரவேண்டும் என்று கேட்கவில்லை.

சென்ற கிழமை பக்கத்து வீட்டு அக்கா வேலியடிக்கு வந்தா. மகளுக்குத் திருமலையில் பிள்ளை பிறந்திருக்கிறதாம். "அந்த வான்காரத் தம்பிட நம்பர் இருக்கா?" என்று கேட்டா. கலண்டர் தாளொன்றைக் கிழித்து நம்பரை எழுதினேன். கீழே, இரண்டு வழிக்கும் கணக்கு, காத்திருப்பு இரண்டு மணித்தியாலம், இன்சூரன்ஸ் பார்க்கவும் என்று எழுதினேன். அவவுக்கும் முழங்கால் வருத்தம் இருக்கிறது. அதனால் ஸ்டூலையும் எடுத்துக் கொடுத்தனுப்பினேன்.