அம்மாவின் 24 மணித்தியாலம்

யூரிக் அசிட் கூடிப்போச்சு என்றால் எங்கட சனம் முதலில் பார்ப்பது சாப்பாட்டுக் கோப்பையைத்தான். "இறாலை நிப்பாட்டு, கணவாயை நிப்பாட்டு, கருவாட்டைத் தொடாதே." அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கல் என்று தெரிந்த கிழமையும் வீட்டுக்கு வந்த எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். எக்ஸ்ரேயில் தெரியாத கல் ஸ்கானில் தெரிந்தது. யூரிக் அசிட் கற்கள் பெரும்பாலும் அப்படித்தானாம். டொக்டர் இரத்தத்தோடு 24 மணித்தியாலச் சலத்தையும் சோதிக்க எழுதிக் கொடுத்தார்.

ஏன் இரண்டும்? நான் கலைப்பீடம். விஞ்ஞானத்தோடு இருந்த உறவு ஓ.எல். சோதினையோடு முடிந்தது. தேடி வாசித்தபோது விளங்கியது இதுதான். எங்கள் உடற்கலங்களிலும் சாப்பாட்டிலும் பியூரின் என்றொரு பொருள் இருக்கிறது. அது உடைந்து கடைசியில் யூரிக் அமிலமாகிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும் மிச்சத்தைக் குடலும் வெளியேற்றும். இரத்தப் பரிசோதனை, அந்த நேரம் உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று சொல்லும். சலப் பரிசோதனை, ஒரு நாளில் எவ்வளவு வெளியே போகிறது என்று சொல்லும். இரத்தத்தில் கூடி, சலத்தில் கூடாமல் இருந்தால் சிறுநீரகம் போதுமான அளவு கழிக்கவில்லை. இரண்டிலும் கூடினால் உடம்பு அதிகமாக உண்டாக்குகிறது, அல்லது சாப்பாட்டால் அதிகம் சேர்கிறது. மூட்டு வீங்கும் கவுட் நோய்க்காரரில் பெரும்பாலானோருக்கு முதல் வகைதான். எல்லாப் பழியையும் இறாலில் போட ஏலாது.

சேர்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. காலையில் எழும்பிப் போகும் முதல் சலத்தை விட்டுவிட்டு நேரத்தைக் குறிக்க வேண்டும். அதற்குப் பிறகு போவது எல்லாம் லாப்பில் தந்த கானுக்குள். அடுத்த நாள் அதே நேரத்துக்குப் போவதுதான் கடைசி. இடையில் ஒருதரம் தவறினாலும் கணக்குப் பிழைத்துவிடும்.

அம்மா ஒரு புடவைக்கடையில் நிற்கிறா. காலமை ஒன்பதிலிருந்து இரவு ஏழு மட்டும். "கானைக் காவிக்கொண்டு கடைக்குப் போறதோ? உனக்கென்ன விசரே?" என்றா. அதனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்து சேர்த்தா.

ரிப்போர்ட் வந்தது. அளவு 1,900 மில்லிலீற்றர், யூரிக் அமிலம் 560 மில்லிகிராம். பக்கத்தில் அச்சடித்திருந்த வழமையான அளவு 250 முதல் 750 வரை. எங்களுக்குச் சந்தோசம். டொக்டர் மட்டும் கடதாசியைக் கீழே வைக்கவில்லை.

"இது எந்த நாள் சேர்த்தது?"

"ஞாயிறு, டொக்டர்."

"வேலை நாளில எத்தனை தரம் சலம் போவீங்கள், அம்மா?"

அம்மா என்னைப் பார்த்தா. பிறகு மெல்லமாய், "காலமை வீட்டில. பிறகு இரவு வந்துதான்" என்றா.

கடையில் டொய்லெட் இருக்கிறது. சாவி காசுமேசையில், முதலாளியின் மகனிடம். வாடிக்கையாளர் நிற்கையில் போய்க் கேட்க வேண்டும். அதைவிடத் தண்ணி குடிக்காமல் இருப்பது சுகம் என்று அங்கே நிற்கிற பெண்கள் எல்லாரும் பழகிவிட்டார்கள்.

அதே 560 மில்லிகிராமை 800 மில்லிலீற்றருக்குள் நினைத்துப் பாருங்கள். செறிவு இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. சலத்தின் பி.எச். 5.5க்குக் கீழே போய் அமிலத்தன்மையும் கூடினால் யூரிக் அமிலம் கரைந்து நிற்காமல் படியத் தொடங்கும். அதுதான் கல். ஆக, அந்த ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. அது சொன்னது அம்மாவின் ஞாயிற்றுக்கிழமையை. கல்லை வளர்த்தது மற்ற ஆறு நாளும்.

குறைந்தது இரண்டு லீற்றர் சலம் போகிற அளவுக்குத் தண்ணி குடிக்கச் சொன்னார் டொக்டர். மருந்துத் துண்டில் எழுத எளிது. அம்மாவுக்கு அது சாவியைக் கேட்கிற விசயம். கடையில் கதைத்தபோது இன்னும் இரண்டு பேருக்குச் சலக்கடுப்பு இருப்பது தெரிய வந்தது. நாலு பேராகப் போய்க் கேட்டிருக்கிறார்கள். முதலாளி முகத்தைச் சுளித்தாலும், சாவி இப்போது படிக்கட்டுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.

அடுத்த பரிசோதனைக்கு அம்மா தெரிந்தெடுத்திருப்பது ஒரு செவ்வாய்க்கிழமை. கான் கடைப் பையிலேயே போகும், ஐஸ் பெட்டியும் கூடவே.