சீனாவோட குவாங்சோ ஃபுட்பால் கிளப், என்னா டீம்!

2013 ஆசிய சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் வீடியோ இன்னிக்குக் கண்ணுல பட்டுச்சு.
தியான்ஹே ஸ்டேடியம் முழுக்க சிவப்பு.
குவாங்சோவோட எல்கேசன் கோல் போட்டதும் காது கிழியுற சத்தம்!
எதிர் டீம் எஃப்சி சியோல் திருப்பி அடிச்சு 1-1.
முதல் ஆட்டம் சியோல்ல 2-2. வெளியூர்ல அதிக கோல் போட்ட கணக்குல கோப்பை குவாங்சோவுக்கு.

மேட்ச் ஃபிக்சிங் வழக்குல 2010-ல ரெண்டாம் டிவிஷனுக்குத் தள்ளின கிளப்புங்க இது!
எவர்கிராண்டேங்கிற ரியல் எஸ்டேட் கம்பெனி வாங்குச்சு, காசைக் கொட்டுச்சு.
2011-லயே சீன சூப்பர் லீக் சாம்பியன். மொத்தம் 8 தடவை.

காசுதான்னு சொல்லிடலாம். ஆனா கேப்டன் செங் சி?
33 வயசுல நடுக்களத்தையே ஆண்டாரு. 2013-ல ஆசியாவோட சிறந்த வீரர்.

கடனை அடைக்க முடியாம 2025 ஜனவரில லைசென்ஸ் போச்சு, கிளப்பையே கலைச்சுட்டாங்க.
மனசே ஆறல.

அந்த ரசிகர்கள் இப்ப எந்த டீமுக்குக் கத்துவாங்க?