அனுமதிப்பத்திரம் யாருக்கு?

வைத்தியர் ஒருவர் மருத்துவச் சபையில் பதிந்துகொள்ளாமல் நோயாளியைத் தொட முடியாது. சட்டத்தரணி உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்துகொள்ளாமல் வழக்குப் பேச முடியாது. முச்சக்கரவண்டி ஓட்டுபவரிடம் கூடச் சந்திக்குச் சந்தி சாரதி அனுமதிப்பத்திரம் கேட்கிறார்கள். பத்திரிகையாளருக்கு மட்டும் எதுவுமே வேண்டாம் என்கிறீர்களே, அது ஏன்?

போர் முடிவடைந்த 2009 ஆம் ஆண்டிலிருந்து இந்தக் கேள்வியை எத்தனை பேர் என்னிடம் கேட்டிருப்பார்கள் என்று நான் கணக்கு வைத்ததில்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள் கேட்டால் அதில் வியப்பதற்கு எதுவுமில்லை. கேட்டவர்களில் பத்திரிகையை நேசித்து வாசிக்கும் நண்பர்களும் இருந்தார்கள் என்பதே என்னை யோசிக்க வைத்தது. அவர்களது எரிச்சலில் நியாயம் இருக்கிறது. பாலியல் வன்முறைக்குள்ளான சிறுமியின் பெயரையும் பாடசாலையையும் வெளியிட்டுவிட்டு மறுநாள் பெண்கள் உரிமை பற்றி ஆசிரிய தலையங்கம் எழுதுகிறோம். இணையத்தில் எவரோ போட்டதை எடுத்து, ஒரு தொலைபேசி அழைப்புக்கூட எடுத்து விசாரிக்காமல், எமது நிருபர் என்று போட்டு அச்சிடுகிறோம். மோட்டார் சைக்கிளில் ‘ஊடகம்’ என்று ஒட்டிக்கொண்டு மணல் ஏற்றுபவனிடமும் மரம் வெட்டுபவனிடமும் கைநீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இவற்றையெல்லாம் மறைத்துக்கொண்டு ஊடக சுதந்திரம் பேசுவது நேர்மையாகாது.

ஆனாலும் அனுமதிப்பத்திரம் இதற்கு மருந்தல்ல என்பது என் உறுதியான கருத்து. மருந்தல்ல என்பது மட்டுமன்று, அதனால் வெளியே நிறுத்தப்படப்போகிறவர்கள் மேலே சொன்ன ஆட்கள் அல்லர் என்பதே எனக்குள்ள கவலை. கைநீட்டுகிறவன் எந்தப் படிவத்தையும் அழகாக நிரப்புவான்.

கேள்வி இலங்கைக்கு மாத்திரம் உரியதன்று. மத்திய அமெரிக்க நாடான கொஸ்டாரிக்காவில் பத்திரிகையாளர் சங்கம் ஒன்றில் அங்கத்துவம் பெறாதவர் பத்திரிகைத் தொழில் செய்யக்கூடாது என்று சட்டம் இருந்தது. அங்கத்துவம் பெறுவதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும். அங்கத்துவமின்றி எழுதினார் என்பதற்காக ஸ்டீபன் ஷ்மிட் என்ற பத்திரிகையாளர் 1983 இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். அதன் பின்னர் கொஸ்டாரிக்க அரசாங்கமே, தனது சட்டம் சரியென்று சொல்லுமாறு அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமைகள் நீதிமன்றத்தின் அபிப்பிராயத்தைக் கோரியது. 1985 நவம்பரில் கிடைத்த பதில் அரசாங்கம் எதிர்பார்த்ததற்கு நேர்மாறானது. வைத்தியமும் சட்டமும் தொழில்கள்; அவற்றைச் செய்வது எவருக்கும் அடிப்படை உரிமை அன்று. பத்திரிகைத் தொழிலோ கருத்து வெளிப்பாட்டு உரிமையை அன்றாடம் பயன்படுத்துவதே. ஆகவே அதற்குக் கட்டாய அனுமதி கேட்பது அந்த உரிமைக்கே அனுமதி கேட்பதாகும் என்பது அந்த அபிப்பிராயத்தின் சாரம். பத்து ஆண்டுகள் கழித்து, 1995 இல், அந்த நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றமும் குறித்த ஏற்பாட்டை நீக்கியது.

எமது அரசியலமைப்பின் 14 ஆவது உறுப்புரையும் இதே திசையில்தான் நிற்கிறது. பேச்சுச் சுதந்திரமும், வெளியிடுதல் உட்பட்ட கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரமும் ‘ஒவ்வொரு பிரசைக்கும்’ உரியவை என்று அது சொல்கிறது. ஊடகவியலாளர் என்ற சொல் அங்கே இல்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் அவ்வாறே. பிரதேச சபையிடம் வீதி ஒப்பந்தத்தின் விபரம் கேட்பதற்கு ஒரு விவசாயிக்கு அடையாள அட்டையே போதும். கேட்டுப் பெற்ற விபரத்தை அவர் அச்சிட முனையும்போது மட்டும் அனுமதிப்பத்திரம் வேண்டுமா?

பதிவு வேறு, அனுமதி வேறு என்பதையும் இவ்விடத்தில் பிரித்துப் பார்க்கவேண்டும். பத்திரிகைகளைப் பதிவு செய்வது எங்களுக்குப் புதியதன்று. பத்திரிகைகள் கட்டளைச் சட்டம் 1839 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’ தோன்றுவதற்கு இரண்டு ஆண்டுகள் மூத்தது. அச்சிடுபவர் யார், வெளியிடுபவர் யார், எங்கே இருக்கிறார் என்று அது கேட்டது. எழுதியதற்கு நாளைக்கு எவர்மீது வழக்குத் தொடுப்பது என்று அறிந்துகொள்வதே அதன் நோக்கம். குடியேற்ற ஆட்சியாளனின் சட்டம்தான். என்றாலும் எழுதிய பிறகு பதில் சொல் என்றது அது. அனுமதிப்பத்திரமோ எழுதுவதற்கு முன்னரே வாசலில் ஆளை நிறுத்துகிறது.

போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது 2009 மே மாதத்தில். அடுத்த மாதமே அரசாங்கம் செய்த காரியங்களில் ஒன்று, நீண்டகாலம் செயலற்றுக் கிடந்த பத்திரிகைப் பேரவையை மீண்டும் உயிர்ப்பிக்கப் போவதாக அறிவித்தது. 1973 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான பேரவை அது. அமைச்சரவை நடவடிக்கைகளை வெளியிடுவதைக் கூடக் குற்றமாக்கும் சட்டம். குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002 இல் நீக்கப்பட்டபோதும், ஆசிரியர்களும் வெளியீட்டாளர்களும் சேர்ந்து 2003 இல் பத்திரிகை முறைப்பாடுகள் ஆணைக்குழுவை அமைத்தபோதும் இனிச் சுய ஒழுங்குமுறைதான் என்று நம்பியிருந்தோம். அந்த ஆணைக்குழு குறைபாடற்றதென்று சொல்லமாட்டேன். திருத்தம் போடுவதற்குப் பத்திரிகைகள் உட்பக்கத்து மூலையைத் தேடுவதை அதனால் மாற்ற முடியவில்லை. ஆனால் அதன் முன் சென்றவர் எவரும் சிறைக்குப் போகவேண்டும் என்று அஞ்சவில்லை.

பின்னர் இணையத்தளங்களின் முறை வந்தது. 2011 நவம்பரில் சில செய்தித்தளங்கள் தடைசெய்யப்பட்டன. இலங்கை பற்றிய செய்திகளை வெளியிடும் தளங்கள் ஊடக அமைச்சில் பதியவேண்டும் என்ற உத்தரவும் வந்தது. 2012 ஜூலையில் பத்திரிகைப் பேரவைச் சட்டத்தை இணையத்தளங்களுக்கும் விரிவுபடுத்தும் யோசனை அமைச்சரவையின் அங்கீகாரத்தைப் பெற்றது. பதிவுக் கட்டணம் ஒரு இலட்சம் ரூபா என்றும் ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபா என்றும் சொல்லப்பட்டது. கொழும்பில் விளம்பரம் பெறும் நிறுவனத்துக்கு இது ஒரு நேர விருந்துச் செலவு. வவுனியாவில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, பழைய கணினி ஒன்றுடன் தளம் நடத்திய இரண்டு இளைஞர்களுக்கு என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2015 இல் ஆட்சி மாறித் தடைகள் நீங்கின. மகிழ்ச்சியுடன் எழுதினோம். 2016 மார்ச் 31 க்கு முன்னர் செய்தித்தளங்கள் பதிந்துகொள்ள வேண்டும் என்று புதிய அரசாங்கத்தின் அமைச்சும் அறிவித்தது. கட்சிகள் எதிலும் ஒன்றுபடுவதில்லை என்று குறைப்படுவோர் கவனிக்க.

உயர் நீதிமன்றம் 1997 இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தைப் பரிசீலித்தபோது, அரசாங்கத்திலிருந்து சுயாதீனமற்ற ஓர் அமைப்பின் கையில் ஊடக அனுமதியை ஒப்படைக்க முடியாது என்று தெளிவாகவே தீர்மானித்தது. வானலைகள் மட்டுப்பட்டவை என்பதால் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அனுமதிமுறை தேவைப்படலாம். அந்த இடத்திலேயே கொடுப்பவர் யார் என்று நீதிமன்றம் கேட்டது. அச்சுத்தாளுக்கு அந்தக் காரணமும் கிடையாது.

சட்டம் இவ்வளவும் பேசியது போதும். எனக்குத் தெரிந்த தொழிலைப் பற்றிச் சொல்கிறேன்.

தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் ஆசிரிய பீடத்தில் அமர்ந்திருப்பவர்கள் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு இருபது முப்பது பேர். அவர்களுக்கு நியமனக் கடிதம் உண்டு, ஊழியர் சேமலாப நிதி உண்டு. ஆனால் வடக்கு கிழக்கிலும் மலையகத்திலும் நடந்தவற்றை நாங்கள் எப்படி அறிந்தோம்? பிரதேச நிருபர்களால். அவர்களில் ஆசிரியர்கள் இருந்தார்கள், தபால் கந்தோரில் வேலை செய்தவர்கள் இருந்தார்கள், பலசரக்குக் கடைக்காரர்கள் இருந்தார்கள். பிரசுரமான செய்திக்கு ஒரு தொகை. பிரசுரமாகாவிட்டால் பக்ஸ் அனுப்பிய காசும் நட்டம். நியமனக் கடிதம் என்பது பெரும்பாலானோர் கண்ணால் காணாத பொருள். நான் செய்தி ஆசிரியராக இருந்த காலத்தில், இரவு பத்து மணிக்குப் பின் தொலைபேசி ஒலித்தால் அது பெரும்பாலும் அவர்களில் ஒருவராகவே இருக்கும். ‘பேரைப் போட்டிடாதேங்கோ’ என்பது செய்தியின் முதல் வரியாக வரும்.

சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அவர்களில் ஒருவர். திருகோணமலையில் வேறு வேலை பார்த்துக்கொண்டு ‘சுடர் ஒளி’க்குப் பகுதிநேரமாக எழுதியவர். 2006 ஜனவரி 2 ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுசென்ற கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. சுகிர்தராஜன் எடுத்த படங்கள் வெளியாகின. மிக அருகிலிருந்து சுடப்பட்ட காயங்கள் அவற்றில் தெரிந்தன. அதன் பின்னர் கைக்குண்டுக் கதையைச் சொல்ல முடியவில்லை. ஜனவரி 24 ஆம் திகதி காலை வேலைக்குச் செல்லப் புறப்பட்டவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை தொடர்பாகச் சந்தேகிக்கப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். படங்கள் மட்டும் இருக்கின்றன.

ஊடகவியலாளர் என்பதற்கு அனுமதிப்பத்திரம் தேவை என்றொரு சட்டம் 2006 இல் இருந்திருந்தால் சுகிர்தராஜன் யார்? முழுநேரத் தொழில் வேறு. பட்டமோ பயிற்சிச் சான்றிதழோ கேட்டிருந்தால் என்ன காட்டியிருப்பார்? அனுமதியின்றிப் பிணவறையில் படம் எடுத்த ஒருவர். படங்களை வெளியிட்ட பத்திரிகை, அனுமதியற்ற ஆளிடமிருந்து பெற்றுப் பிரசுரித்த பத்திரிகை. சுடுவதற்கு முன்னரே சட்டத்தால் அவரை நிறுத்தியிருக்கலாம்; நாட்டில் எவருக்கும் கைக்குண்டு வெடித்ததைத் தவிர வேறெதுவும் தெரிந்திருக்காது.

மட்டக்களப்பில் 2004 மே 31 ஆம் திகதி கொல்லப்பட்ட ஐயாத்துரை நடேசனை, 2000 ஒக்டோபர் 19 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு வேளையில் தன் வீட்டிலேயே சுடப்பட்ட மயில்வாகனம் நிமலராஜனை நினைத்துப் பார்க்கிறேன். நிமலராஜன் பி.பி.சி.க்கும் ‘வீரகேசரி’க்கும் சிங்கள வார இதழான ‘ராவய’வுக்கும் எழுதினார். ஒரே ஒரு நிறுவனத்தின் ஊழியர் என்று அவரை எந்தப் படிவத்தில் அடைப்பது? ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும்: எழுதுவதற்கு அனுமதி கேட்டது அரசாங்கம் மட்டுமன்று. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியிலும் அவர்களுக்கு ஒவ்வாததை எழுதிவிட்டு இருக்க முடியாது. துப்பாக்கி வைத்திருந்த ஒவ்வொரு தரப்பும் தனக்கென்று ஒரு அனுமதிமுறையை வைத்திருந்தது. அவற்றில் எதுவும் வர்த்தமானியில் வரவில்லை என்பதுதான் வித்தியாசம்.

ஜனவரி 24 ஆம் திகதி எங்கள் தொழிலில் ஒரு கெட்ட நாளாகிவிட்டது. கேலிச்சித்திரக் கலைஞரும் எழுத்தாளருமான பிரகீத் எக்னெலிகொட 2010 இல் காணாமலாக்கப்பட்டது அதே திகதியில்தான். 2009 ஜனவரி 8 இல் கொல்லப்பட்ட லசந்த விக்கிரமதுங்கவையும் சேர்த்து அந்த மாதத்தையே ‘கறுப்பு ஜனவரி’ என்று ஊடக அமைப்புகள் நினைவுகூர்கின்றன. 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்துக்கு நாடாளுமன்றம் 108 வாக்குகளுக்கு 62 என்ற கணக்கில் ஒப்புதல் அளித்த நாளும் ஜனவரி 24. திகதியைத் தெரிந்து வைத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்தத் திகதி எவருக்கும் ஞாபகத்தில் இருக்கவில்லை, அவ்வளவுதான். எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்க ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்று அச்சட்டத்தில் உண்டு. 2006 ஜனவரியில் அப்படியொரு ஆணைக்குழு இருந்திருந்தால் கைக்குண்டா, துப்பாக்கியா என்ற விடயத்தில் எதைப் பொய் என்று சொல்லியிருக்கும் என்ற யோசனை அன்று முழுவதும் என்னை விடவில்லை.

படுவான்கரைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த நிருபர் ஒருவர் இருக்கிறார். காலையில் வயல், மாலையில் சிறு கடை. யானை வந்தால், பாலம் உடைந்தால், மேய்ச்சல் தரையில் வேலி போட்டால் முதலில் எழுதுவது அவர்தான். ஊடகவியலாளரைப் பதிவு செய்யும் பேச்சு மறுபடி அடிபட்ட ஒரு நாளில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. பதிவு வேண்டுமா வேண்டாமா என்று அவர் விவாதிக்கவில்லை. நேராகவே கேட்டார்:

“அண்ணன், தொழில் எண்டு கேட்ட இடத்தில நான் என்னத்த எழுதுற?”

கமம் என்று எழுதுங்கள், செய்தியை வழமைபோல அனுப்புங்கள் என்றேன். அன்றிரவு அவர் அனுப்பியது மாவட்டச் செய்திப் பக்கத்தில் நான்கு வரியாக வந்தது.