ஆமை ஓட்டில் 93

சோய் சொக்-ஜோங்கைப் பற்றிப் படித்ததிலிருந்து மனசு அவரையே சுற்றி வருகிறது. 1646-ல் பிறந்தவர். ஜோசன் கொரியாவில் மன்னர் சுக்ஜோங்கிடம் பலமுறை தலைமை அமைச்சர். கோஷ்டிச் சண்டையில் பதவி போகும், வரும். அந்த அமளிக்கு நடுவிலும் 'குசுர்யாக்' என்ற கணித நூலை எழுதியிருக்கிறார் மனுஷன்!

அதில் ஓர் ஆமை ஓட்டுப் படம். ஒட்டி நிற்கும் 9 அறுகோணங்கள். முனைகளில் 1 முதல் 30 வரை எண்கள், ஒவ்வொன்றும் ஒரே முறை. எந்த அறுகோணத்தைக் கூட்டினாலும் 93. பென்சிலோடு உட்கார்ந்து பாருங்கள், அருமை புரியும்.

9க்கு 9 கட்டத்தில் இரண்டு லத்தீன் சதுரங்களையும் (ஒவ்வொரு வரிசையிலும் நெடுக்கிலும் எந்த எண்ணும் ஒரே முறை வரும் சதுரங்கள்) பின்னியிருக்கிறார். 81 கட்டங்களில் ஓர் எண் ஜோடிகூடத் திரும்ப வராது. இந்தச் சதுரங்களைப் பற்றிய பேச்சில் கணிதவியலாளர் ஆய்லர் பெயர் வரும் இடத்திலெல்லாம் இவர் பெயரும் வரவேண்டும். இவை பற்றிய ஆய்லரின் கட்டுரை அச்சானது 1782-ல். சோய் 1715-லேயே காலமாகிவிட்டார்.